மனைவி விருந்தாளியாக வந்த மூன்று நாள்

கல்ஃபான் பின் ஹாரிப் செய்த தொழில் என்ன என்று கேட்டால், விலகிப் போவது என்றுதான் சொல்ல வேண்டும். ஓமானில் அஷ்கரா என்ற ஊருக்குத் தெற்கே, மணல்மேடுகள் சரிந்து நேரே கடலில் இறங்கும் கரையில் அவனுக்கு மூன்று கூடாரங்கள் இருந்தன. புருஷனும் மனைவியுமாக வருவார்கள். மஸ்கட்டிலிருந்து வருவார்கள், துபாயிலிருந்து வருவார்கள், கடல் தாண்டியும் வருவார்கள். கல்ஃபான் அவர்களைத் தன் வண்டியில் மணல் தாண்டிக் கொண்டுவந்து இறக்குவான், தீ மூட்டுவான், காப்பி ஊற்றிக் கொடுப்பான், பிறகு காணாமல் போய்விடுவான். வேளை தவறாமல் சாப்பாடு வரும். ஆள் கண்ணில் படமாட்டான்.

தொழில் ஆரம்பித்ததே அப்படித்தான். யாரோ ஒரு ஜோடியின் கார் ஈர மணலில் புதைந்து கிடந்தது. அலை ஏறி வருகிறது, அவள் புருஷனைத் திட்டுகிறாள், புருஷன் காரைத் திட்டுகிறான். கல்ஃபான் அப்போது மீன்பிடித்துக்கொண்டிருந்தான். காரை இழுத்து மேட்டில் ஏற்றினான், தன் கூடாரத்தை அவர்களுக்குக் கொடுத்தான், பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்தான், ஒரு கேள்வியும் கேட்காமல் நடையைக் கட்டினான். மறு வருஷம் அவர்கள் இன்னொரு ஜோடியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். ஊரில் அவர்களை யாரும் கேள்வி கேட்காமல் விட்டதே இல்லையோ என்னவோ.

கேள்வி கேட்காதது கல்ஃபானின் சொந்தச் சரக்கு அல்ல. அவன் பிறந்த பாலைவனக் குலத்தின் வழக்கம். வாசலில் வந்து நின்றவரை மூன்று நாள் வரைக்கும் யார், எங்கிருந்து, எதற்கு என்று கேட்கக் கூடாது. சோறு போட வேண்டும், அவ்வளவுதான். மூன்று நாள் கழிந்தபின் கேட்கலாம். அப்படிக் கேட்டால் 'உன் தேவையைச் சொல், முடித்துத் தருகிறேன்' என்றும் எடுத்துக்கொள்ளலாம், 'சரி, நீ கிளம்பலாம்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். வந்தவர் எதை எடுத்துக்கொள்வாரோ என்ற பயத்தில் கல்ஃபான் நாலாம் நாளும் கேட்கமாட்டான், பத்தாம் நாளும் கேட்கமாட்டான். கரை முழுக்க இதற்காகவே அவனுக்குப் பெரிய பெயர்.

வீட்டிலும் அவன் இப்படித்தான். அது வெளியே யாருக்கும் தெரியாது.

வீடு மணலுக்குப் பின்னால், வண்டியில் அரைமணித் தொலைவில் இருந்தது. அங்கே அவன் மனைவி ஸுவைனா சமைப்பாள். வஞ்சிரம் வைத்த சோறு, சுறாக் கருவாடு, மெல்லிசு ரொட்டி எல்லாம் அவள் கைவேலை. விருந்தாளிகள் புகழ்ந்ததைக் கல்ஃபான் வந்து சொல்லுவான். அவள் அடுத்த பானையைக் கழுவுவாள். கடலுக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும் அந்தக் கூடாரங்களில் ஒரு நாள் அவள் உட்கார்ந்ததில்லை. ஊர் ஜோடிகளுக்கெல்லாம் இடம் உண்டு, இந்த ஒரு ஜோடிக்குத்தான் அங்கே இடமில்லை. அவன் வேண்டுமென்று செய்ததல்ல. அவனுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் கொடுமை.

மாசி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் அவள் மாவைப் பிசைந்துகொண்டே, வழக்கம்போல மூத்த மகன் பெயரால் அவனை அழைத்துச் சொன்னாள்.

"அபு ஹாரிப், நம்ம பொண்ணு ரய்யாவுக்கு மாசம் நெருங்கிடுச்சு. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வண்டியோட வர்றாரு. நான் அவ ஊரு சூருக்குப் போறேன்."

"நல்லது. போயிட்டு வா."

"வர்றதுக்கு இல்ல. முழங்காலும் முன்ன மாதிரி இல்ல, அங்க ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு. அங்கேயே இருந்துடலாம்னு பாக்குறேன்."

கல்ஃபான் காப்பிக் கிண்ணத்தைப் பாதியிலேயே கீழே வைத்தான். வாய் மட்டும் பழக்கப்படி பேசியது.

"ஆண்டவன் துணையிருக்கட்டும்."

அதோடு நிறுத்தினானா? அவளுடைய தகரப் பெட்டி கனம் என்று தானே தூக்கிக்கொண்டு போய் வாசல் பக்கத்தில் வைத்தான். உதவி என்று நினைத்துத்தான் வைத்தான். ஸுவைனா அந்தப் பெட்டியையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள், மாவை ஓங்கி ஒரு அறை அறைந்தாள்.

இது முதல் தடவை இல்லை. கல்யாணமான இரண்டாம் வருஷம், பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னால், ஸுவைனா ஒரு நாள் ஒட்டகத்தில் ஏறித் தன் அண்ணன்மார் வீட்டுக்குப் போய்விட்டாள். பேரீச்சை அறுவடைக் காலம் முழுக்க வரவில்லை. அப்புறம் ஒரு நாள் தானே வந்து நின்றாள். கல்ஃபான் ஆடு அறுத்து விருந்து வைத்தான். ஏன் போனாய், ஏன் வந்தாய் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகு ஹாரிப் பிறந்து, ரய்யா பிறந்து, இருவருக்கும் கல்யாணம் ஆனபிறகும் கேட்கவில்லை. தன் வாழ்க்கையில் தான் செய்த மிகப் பெரிய கண்ணியம் அது என்று உள்ளூர நினைத்திருந்தான். மற்ற ஆண்களாக இருந்தால் குடைந்து எடுத்திருப்பார்கள், நான் கேட்கவில்லையே என்று.

பெட்டியைத் தூக்கி வைத்த மறுநாள், கல்ஃபான் கரையில் இருந்தான். ஒரு கூடாரத்தில் மஸ்கட்டிலிருந்து வந்த புதுமண ஜோடி. பெண் பெயர் லமீஸ். ஏதோ வங்கியில் வேலை. எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கிற பெண். மாப்பிள்ளை எதைப் பார்த்தாலும் தூங்குகிற ஆள். அப்போது மேட்டின் மேலிருந்து ஒரு வண்டி இறங்கியது. கல்ஃபானின் வீட்டில் நிற்கும் இன்னொரு வண்டிதான். கூடாரங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, விருந்தாளிகள் நிறுத்தும் இடத்தில் நின்றது. ஓட்டி வந்த ஸுவைனா இறங்கினாள். நல்ல உடை, முகத்திரை, கையில் சின்ன மூட்டை.

"வீட்டுக்காரரே!" என்று குரல் கொடுத்தாள்.

கல்ஃபான் ஓடிப் போனான். "என்ன, வீட்டுல காஸ் தீந்து போச்சா?"

"வழியில போறவ. தங்க இடம் இருக்குமா?"

"ஸுவைனா, விளையாடாத. மதியச் சோறு எங்க?"

"எனக்குச் சமைக்கத் தெரியாதுங்க. நான் விருந்தாளி."

லமீஸ் கூடாரத்து வாசலில், பேச்சு எட்டாத தூரத்தில் நின்று, இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியாள் பார்க்க, வாசலில் வந்து நின்று இடம் கேட்பவளை இல்லை என்று அனுப்புவதா? கல்ஃபானின் வம்சத்தில் அது நடந்ததில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க, இது உங்க இடம்" என்றான். வந்தவள் ஏன் வந்தாள் என்று மூன்று நாளைக்குக் கேட்க வழியில்லை. ஸுவைனா கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தாள். கட்டியவளைக் கேட்காதவன் நாலாம் நாள் விடிந்தால் விருந்தாளியையாவது கேட்பான் அல்லவா?

அன்று மதியம் கல்ஃபான் சமைத்தான். சோறு அடியில் கருகி மேலே வேகாமல் நின்றது. மீன் பாதி தீய்ந்தது, பாதி பச்சையாக இருந்தது. தட்டை அவள் முன் வைத்துவிட்டு, தனியாக வந்தவள் என்பதால், தன் குலத்தின் வழக்கப்படி விருந்தாளி சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றான். விருந்தாளிக்கும் வழக்கம் உண்டு, சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது. ஸுவைனா ஒவ்வொரு கவளத்தையும் மென்று மென்று விழுங்கினாள்.

"ஆண்டவன் உங்க கையை வாழ வைக்கட்டும்," என்றாள்.

"உங்களுக்கு ஆரோக்கியம் கிடைக்கட்டும்," என்றான் அவன், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

அடுத்த நாள் அவன் தட்டுகளை எடுக்க வந்தபோது லமீஸ் கூடாரத்துக்குள் ஸுவைனாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"தனியாவா வந்தீங்க, அத்தை?"

"இல்லம்மா, புருஷனோடதான்."

"அப்படியா? எங்க அவரு? நான் பாக்கவே இல்லையே?"

"அதைத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன். கிடைச்சா சொல்றேன்."

லமீஸ் சிரித்தாள். கல்ஃபான் தட்டுகளோடு வாசலிலிருந்தே திரும்பிப் போனான். அன்று அவன் அலையோரமாக வெகுதூரம் நடந்தான். வந்தவள் என்ன நினைத்து வந்திருக்கிறாள்? விடைபெறுவதற்கா? அவமானப்படுத்துவதற்கா? இத்தனை வருஷம் மற்றவர்கள் அனுபவித்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்றா? கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அந்த ஒரு நொடியைத்தான் அவனால் தாண்ட முடியவில்லை.

மூன்றாம் நாளும் போயிற்று. வெள்ளிக்கிழமை விடிந்தது. ஸுவைனா கூடாரத்துக்கு வெளியே கம்பளத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் காப்பி கொண்டுவந்தபோது நிமிர்ந்து முகத்தையே பார்த்தாள். கேட்கும் நேரம் வந்துவிட்டது என்பது இருவருக்கும் தெரியும். கல்ஃபான் தொண்டையைச் செருமினான். கேட்டால் போ என்று சொன்னதாகிவிடுமே என்று நினைத்தான். இவளைப் போ என்று என் வாயால் எப்படிச் சொல்வேன் என்று நினைத்தான். அதனால் இன்னும் ஒரு கிண்ணம் காப்பி ஊற்றினான்.

"போதும்," என்றாள் ஸுவைனா. அவள் குரல் உடைந்திருந்தது. அவன் அதைக் கவனித்தான், மரியாதையோடு பார்வையைத் திருப்பிக்கொண்டான். சில ஆண்களின் மரியாதையைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மருமகன் மர்ஹூன் வந்து சேர்ந்தான். வீட்டில் ஆளைக் காணாமல் பெட்டியை ஏற்றிக்கொண்டு நேரே கரைக்கே வந்துவிட்டான். கல்ஃபான் வழிக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கட்டிக் கொடுத்தான். ஸுவைனா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருந்தது. இவ்வளவு வலி என்று கல்ஃபானுக்குத் தெரியாது. அவன் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

வண்டி உறுமியது. மணலில் சக்கரம் சுழன்றது. கல்ஃபான் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நிறுத்துப்பா, மர்ஹூன்! ஸுவைனா... அன்னைக்கு ஏன் போன?"

"எந்த அன்னைக்கு?"

"கல்யாணமான புதுசுல. உன் அண்ணன் வீட்டுக்கு. ஏன் போன?"

ஸுவைனா அவனையே பார்த்தாள். முகத்திரைக்குள் கண்கள் நிரம்பின. மர்ஹூன் ஸ்டியரிங்கில் கண்டுபிடிக்க ஏதோ இருப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறந்து போச்சு," என்றாள்.

"மறந்து போச்சா?"

"ஆமா. ஏதோ கோவம். என்னன்னு இப்ப சத்தியமா ஞாபகம் இல்ல. கேப்பீங்க, சொல்லணும்னு வச்சிருந்தேன். வருஷக்கணக்கா வச்சிருந்தேன். வச்சிருந்து வச்சிருந்து அது எங்கயோ போயிடுச்சு. நீங்க கேக்கல, அது மட்டும்தான் மிச்சம் இருக்கு."

தான் கட்டிக் காத்த கண்ணியம் என்ன செய்திருக்கிறது என்பது கல்ஃபானுக்கு அப்போதுதான் விளங்கியது.

"நான் கேட்டா உனக்கு அவமானமா இருக்கும்னு நினைச்சேன்," என்றான்.

"உங்களுக்கு நான் வேண்டியவளா வேண்டாதவளான்னு தெரியாம இருக்குறதுதான் அவமானம். பரவாயில்ல. இப்ப ஏன் போறேன்னு கேளுங்க. இது இன்னும் மறக்கல."

"ஏன் போற?"

"ஊர்ப்பட்ட புருஷன் பொண்டாட்டி இங்க வந்து உக்காந்து பேசிட்டுப் போறாங்க. அவங்களுக்கு நான் சோறு ஆக்கி அனுப்புறேன். நீங்க அவங்களை விட்டுட்டு விலகி வந்து, என்னையும் விட்டு விலகியே இருக்கீங்க. நான் அந்த வீட்டுல பானையோட பேசிக்கிட்டிருக்கேன். அதான் போறேன்."

"போகாத."

அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரும்பியபோது குரல் பழைய குரலாகியிருந்தது.

"பொண்ணு பிரசவத்துக்குப் போகாம எப்படி இருக்குறது, மனுஷா? குழந்தை பொறந்து நாப்பது நாள் கழிஞ்சு வர்றேன். நீங்களே வந்து கூட்டிட்டுப் போகணும். ஆள் அனுப்பக் கூடாது."

"விருந்தாளிங்க யாராவது இருந்தா..."

அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"வர்றேன், வர்றேன்," என்றான் கல்ஃபான். "நானே வர்றேன்."

வண்டி மேட்டில் ஏறி மறைந்தது. மதியம் அவன் மஸ்கட் ஜோடிக்கு மீன் வறுத்தான். வறுக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. வேறு விருந்தாளிகளாக இருந்தால் புகை என்று நினைத்து நாகரிகமாக அப்பால் போயிருப்பார்கள். லமீஸ் நேரே வந்து அடுப்புக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"ஏன் மாமா அழறீங்க?"

கல்ஃபான் கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னான்.