கழுகின் பெயரில் வந்த கடிதம்

சட்டைத் தொழிற்சாலையின் சோதனை மேசையில் உட்காரும் கழுகு, விளக்கை அணைத்துவிட்டாலும் ஆயிரம் சட்டைகளுக்கு நடுவே விட்டுப்போன ஒரே ஒரு தையலைக் கண்டுபிடித்துவிடுவாள். சரி, விளக்கை அணைத்தது கதைக்காகச் சேர்த்தது. ஆயிரமும் கொஞ்சம் ஊதியதுதான். ஆனால் அந்தக் கடிதம் வரும்வரை, பதினெட்டு வருஷத்தில் அவள் கையைத் தாண்டிய சட்டை எதுவும் குறையென்று திரும்பி வந்ததில்லை. பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

எதிர் மேசையில் பட்டன்காரி. கழுகைவிடப் பத்து வயது இளையவள், தற்காலிக ஆள். அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி எழுந்து போனால் இன்னொருத்தி அவளுடைய அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். மேற்பார்வையாளர் கண்ணில் குத்துவது காலி நாற்காலி மட்டுமே. முகத்தை யார் பார்க்கிறார்கள்?

போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் மருத்துவ வேன் வந்து நின்றது. பெண்களுக்கு மார்பிலும் கருப்பை வாயிலும் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கிற வேன். நிரந்தர ஆட்களுக்கு மட்டும் சீட்டு. சீட்டு கைக்கு வந்ததும் கழுகு அதைப் படிக்காமலே மடித்துவிட்டாள். அவளுடைய அம்மா போனது இந்த வியாதியில்தான்.

"இந்தா, என் அட்டையை மாட்டிக்கிட்டு நீ போடி. உனக்குத்தான் சீட்டு இல்லையே."

"உனக்கு வேண்டாமாக்கா?"

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்."

பட்டன்காரி ஒரு நிமிஷம் அவளையே பார்த்துவிட்டு அட்டையை வாங்கிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கழுகின் வீட்டுக்குக் கடிதம் வந்தது. மார்பில் ஒன்றுமில்லை, கருப்பை வாயின் செல்களில் மாற்றம் தெரிகிறது, பத்து நாளுக்குள் மருத்துவமனைக்கு வரவும். பெயர் கழுகுடையது. உடம்பு பட்டன்காரியுடையது.

அப்பாடா, நமக்கில்லை என்றுதான் முதலில் தோன்றியது. தோன்றிய மறுகணம், தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சொன்னால் அட்டை மாற்றிய கதை வெளியே வரும். தற்காலிக ஆளை வீட்டுக்கு அனுப்ப ஒரு தும்மல் போதும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து பார்த்தவள். மூன்று நாள் கடிதத்தைச் சாப்பாட்டுப் பைக்குள் சுமந்தாள். மூன்றாம் நாள், ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமாக ஒரு சட்டை அவள் மேசையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

"கழுகுக்குக் கண்ணு போச்சா?" என்று பெட்டி கட்டுகிறவர்கள் சிரித்தார்கள்.

பட்டன்காரி சிரிக்கவில்லை. "என்னக்கா ஆச்சு உனக்கு?"

"எனக்கில்லடி" என்று கடிதத்தை நீட்டினாள் கழுகு.

பட்டன்காரி இரண்டு முறை படித்தாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "என் சின்ன மக இன்னும் பள்ளிக்கூடத்துல சேரல" என்றாள்.

மறுநாள் இருவரும் விடுப்புச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனார்கள். நர்ஸிடம் கழுகு ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஏம்மா, ஆள் மாத்தி உட்கார இதென்ன நாற்காலியா?" நர்ஸ் பட்டன்காரியின் பக்கம் திரும்பினாள். "மாற்றம்னா புற்றுநோய்னு அர்த்தமில்லம்மா. கவனிக்காம விட்டா ஆகலாம். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்."

பட்டன்காரி தலையாட்டினாள். மடியிலிருந்த பையின் வாரை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

நர்ஸ் பதிவேட்டில் பெயரை அடித்துத் திருத்தி எழுதினாள். பிறகு கழுகைப் பார்த்தாள். "உங்க பேர்ல இவங்களைப் பார்த்தாச்சு. உங்களை யார் பார்த்தது?"

"எங்க முடிஞ்சுது சிஸ்டர்? அன்னிக்கு நேரமே கிடைக்கல. வேலை கழுத்தை நெரிச்சுது."

பெஞ்சிலிருந்து பட்டன்காரி நிமிர்ந்தாள்.

"நேரம் இருந்துச்சு சிஸ்டர். வேன் போற வரைக்கும் இவங்க கழிப்பறையில நின்னுக்கிட்டு இருந்தாங்க. கதவுக்கடியில செருப்பு தெரிஞ்சுது."