முதுகில் இருந்த குருவி

இமாஸ் தேய்ப்புப்பெட்டியைக் கையில் எடுத்தாலே பக்கத்தில் நிற்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பாண்டுங் நகரத்தின் சிச்சாடஸ் கடைத்தெருவில், செருப்புக்கடைக்கும் பொரித்த டோஃபு விற்கிற வண்டிக்கும் நடுவே ஒரு மேசை, அதன் மேல் மடித்த கம்பளி. அவள் கடை அவ்வளவுதான். பள்ளிக்கூடச் சின்னம், சாரணர் பட்டை, பாட்டுக் கோஷ்டியின் மண்டையோடு என்று எதைக் கொண்டுவந்தாலும் சட்டையிலோ பையிலோ ஒட்டித் தருவாள். தையல் போடமாட்டாள். ஊசிக்கு வேலையில்லாமல் நிற்பதுதான் ஒட்டு என்று அவளுக்கு ஒரு திமிர்.

"ஆறட்டும், தொடாதே! சூட்டோட தொட்டா உரிஞ்சு வந்துடும். வீட்டுல போய் மாமியாகிட்ட காட்டு உன் அவசரத்தை."

யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவள் ஒட்டினது பிரிந்ததில்லை.

ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களின் 'கெலாத்திக்' சங்கத்துக்குச் சின்னம் வரைந்ததும் அவள்தான். சிவப்பு மூக்கோடு ஒரு கெலாத்திக் குருவி. பதினோரு வருடங்களுக்கு முன் நீல ஜாக்கெட்டுகளின் முதுகில் ஒவ்வொன்றாக ஒட்டினாள், தன்னுடையதிலும் ஒன்று. அவளிடம் ஸ்கூட்டர் கிடையாது, ஓட்டவும் தெரியாது. சங்கத்துத் தோழி நெங்சியின் பின்சீட்டுதான் அவள் இடம். நாலு வயது இளையவளான நெங்சி, "தெத்தே, கெட்டியா பிடிச்சுக்குங்க" என்பாள். அக்கா என்று அவள் வாயால் கேட்பதற்காகவே இமாஸ் பிடியைத் தளர்த்துவாள். மழையிலும் மலைப்பாதையிலும் அந்த முதுகை நம்பிக் கண்ணை மூடித் தூங்கியிருக்கிறாள்.

இந்த ஞாயிறு பங்கண்டரான் கடற்கரைக்குச் சங்கத்தின் பெரிய பயணம். இமாஸ் ஒரு மாதமாக அதே நினைப்பில் இருந்தாள்.

போன வாரம் நெங்சி வந்து கேட்டாள்: "தெத்தே, பையன் பையில ஒரு ஒட்டு இருக்கு. தடம் தெரியாம எப்படி எடுக்கிறது?"

யாருக்கும் சொல்லாத வித்தையை இமாஸ் அவளுக்குச் சொன்னாள். "ஒட்டறப்ப ஆறவிடணும். எடுக்கறப்ப ஆறவிடக்கூடாது. சூட்டோட ஒரே இழு. மிச்சப் பசைக்கு மேல காகிதம் வெச்சுத் தேய், காகிதமே குடிச்சுடும்."

போகும்போது, "பயணத்துக்கு எல்லார் ஜாக்கெட்டையும் சேர்த்துத் துவைக்கிறோம்" என்று இமாஸின் ஜாக்கெட்டையும் வாங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை நெங்சி ஜாக்கெட்டை மடித்துக் கொண்டுவந்தாள், கூடவே ஒரு பொட்டலம் சூடான காய் பஜ்ஜி. இமாஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டே ஜாக்கெட்டை உதறி விரித்தாள்.

முதுகில் குருவி இல்லை.

பசை இல்லை, நூல் பிரியவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. அந்த வேலை தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர். கடித்த பஜ்ஜியைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தாள்.

"பையன் பைன்னு சொன்னியே."

நெங்சி டோஃபு வண்டியைப் பார்த்தபடி பேசினாள். "புது விதி, தெத்தே. சொந்த வண்டி இருந்தாத்தான் சங்கத்துல இருக்கலாமாம். எல்லார் முன்னாடியும் நிக்கவெச்சுப் பிய்ச்சா உங்களுக்கு அவமானம். அதான் நானே பதமா…"

"ஓட்டெடுத்தாங்களா?"

"ம்."

"நீ கையைத் தூக்கினியா?"

"எல்லாரும் தூக்கினாங்க."

"உன்னைக் கேட்டேன்."

நெங்சி பஜ்ஜிப் பொட்டலத்தின் வாயை மடித்து மூடினாள்.

"பின்சீட்டுல யாரு வர்றா?"

"யாரும் இல்லை தெத்தே. கூடாரப் பையை வெச்சுக் கட்டிக்கலாம்னு…"

இமாஸ் மேசைக் கம்பளியை இழுத்துச் சரிசெய்தாள். சங்கம் என்ன சங்கம், நாலு பேர் கூடினால் நாற்பது விதி பேசுவார்கள். இவள் தூக்கினாளே! தன் இடத்தில் ஒரு பையை ஏற்றிக் கட்டப்போகிறாளே!

"நல்லாத்தான் எடுத்திருக்கே" என்றாள். "சொல்லிக்கொடுத்தவ சரியாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கா. பஜ்ஜியை எடுத்துட்டுப் போ."

நெங்சி போன பிறகு ஜாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பதினோரு வருட வெயிலில் துணி வெளுத்துப் போயிருந்தது. குருவி உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் பழைய நீலம் அப்படியே, மூக்கும் வாலுமாக, பளிச்சென்று நின்றது. அதை எந்தச் சூட்டாலும் எடுக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கடை திறப்பதில்லை. அன்று விடிந்ததும் திறந்தாள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முப்பது ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கடைசியாக வந்த ஒன்றின் இருமல் அவளுக்கு நன்றாகத் தெரியும். அது கடைக்கு எதிரே வந்து வேகம் குறைந்து, நின்றது.

"தெத்தே…"

இமாஸ் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வண்டி மறுபடி இருமிக்கொண்டு புறப்பட்டுப் போனது.