நான் சொன்ன நான்கு மணி நேரம்

தஞ்சாவூரில் என் பேட்டரி கடையின் பின்பக்கம், ஒரு பலகையில் ஆட்டோ ஹெட்லைட் பல்புகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் தபால்காரர் உட்கார்ந்திருந்தார். பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கெல்லாம் அவர் தபால்காரர்தான், எனக்கும் அப்படியே. அவர் மனைவிக்கு நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் மூச்சு விட முடியாது. கரண்ட் போனால் அந்த மெஷினை ஓட்ட ஒரு லித்தியம் பேட்டரி கேட்டு வந்திருந்தார். என்னிடம் இரண்டு வகை செல்களில் செய்த இரண்டு பேட்டரிகள் இருந்தன. எது அதிக நேரம் தாங்கும் என்று தெரிய வேண்டுமே. இரண்டையும் முழுக்க சார்ஜ் செய்து, மெஷின் இழுக்கும் அதே அளவு கரண்டை இழுக்கும் பல்புகளை ஒவ்வொன்றிலும் மாட்டி, காலை எட்டு மணிக்குத் தொடங்கினேன்.

பல்பு அணையும்வரை ஓடவிட்டு நேரத்தைக் குறிப்பதுதான் முறை. ஆனால் நான் வருடக்கணக்கில் ஆசிட் பேட்டரியோடு குப்பை கொட்டியவன். அதில் தீரத் தீர வோல்ட் இறங்கிக்கொண்டே வரும். பாதியில் மீட்டரை வைத்தாலே மீதி எவ்வளவு என்று சொல்லிவிடலாம். அதே பழக்கத்தில் பத்து மணி தாண்டியதும் மீட்டரை வைத்தேன். இரண்டும் பதின்மூன்று வோல்ட்டுக்குச் சற்று மேலே, ஒரே அளவு. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்ததோ மிதப்பு.

"ரெண்டும் ஒண்ணுதாங்க, தாராளமா நாலு மணி நேரம் ஓடும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும். அதுக்குள்ள எடுத்துட்டுக் கிளம்பிடுங்க" என்றேன்.

"முழுசா முடியட்டுமேங்க. எனக்கென்ன அவசரம், உக்காந்திருக்கேன்" என்றார்.

நான்தான் கேட்கவில்லை. கைக்கு எட்டிய பேட்டரியைக் கழற்றி, வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.

கார்த்திகையில் புயல் மழை அடித்த ஒரு மத்தியானம் அவர் ஊரில் கரண்ட் போனது. ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று கூப்பிட்ட கார் வாசலுக்கே வந்துவிட்டது. காற்றைப் பார்த்துத் தயங்கியவர், "மழை கொஞ்சம் விடட்டும்ப்பா, நாலு மணி நேரம் இருக்கு" என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். அது என் கணக்கு. இரண்டரை மணி நேரம் தாண்டியதும் மெஷின் நின்றுவிட்டது. அந்த அம்மாளைத் தூக்கிக் காரில் கிடத்திக்கொண்டு பறந்தார்கள். தஞ்சாவூர் வந்தபோது உயிர் இல்லை.

காரியம் முடிந்த பிறகு பேட்டரியோடு கடைக்கு வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "நான் சார்ஜ் சரியாப் போடலீங்களா? பாத்துச் சொல்லுங்க" என்றார். இந்த முறை அவருடையதையும் கடையிலேயே கிடந்த மற்றதையும் முழுக்க சார்ஜ் செய்து கடைசிவரை ஓடவிட்டேன். அவருடையதில் வோல்ட் அசையாமல் நின்று, கயிறு அறுந்த வாளி மாதிரி திடீரென்று விழுந்தது. மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. மற்றது நான்கு மணி நேரம் தாண்டியும் எரிந்தது. லித்தியம் அப்படித்தான், பாதியில் பார்த்தால் நல்லதும் நோஞ்சானும் ஒரே முகத்தைத்தான் காட்டும்.

"உங்க மேல தப்பே இல்லீங்க, பேட்டரிதான் கம்மி" என்றேன்.

"அத ஒரு தாள்ல எழுதித் தருவீங்களா? சிங்கப்பூர்ல இருக்கற பொண்ணு, மழைக்குப் பயந்துகிட்டு அவ அம்மாவக் கொன்னுட்டேங்கறா. எங்கூடப் பேசறதில்லீங்க."

கடையின் லெட்டர்பேடை எடுத்தேன். எழுதினால், சோதனையைப் பாதியில் நிறுத்தியது நான் என்றும் எழுத வேண்டும். கீழே என் கையெழுத்து வேண்டும். "சீல் வீட்ல இருக்குங்க, நாளைக்கு வாங்க" என்றேன். சீல் மேஜை டிராயரில்தான் இருந்தது. இன்னும் இரண்டு முறை வந்தார், இரண்டு சாக்கு சொன்னேன். பிறகு வரவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் பேட்டரியையும் கடைசிவரை இறக்கிப் பார்க்காமல் நான் கொடுப்பதில்லை. என் நேர்மையை வாடிக்கையாளர்கள் மெச்சும்போது கூசுகிறது. போன வாரம் பாபநாசம் பேருந்து நிலையத்தில் தபால்காரரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். கடை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். தாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெண் இப்போது பேசுகிறாளா என்று நான்தான் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

"போகப் போக எல்லாம் சரியாயிடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.