தோள் எப்படி இருக்கிறது?

எங்கள் கிரிக்கெட் அணியைப் பற்றி யாராவது பெருமையடித்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அணி என்று ஒன்று எங்களிடம் எப்போது இருந்தது? ஒரு பந்துக்காரன் இருந்தான். அவனைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றோம், அவ்வளவுதான். நான் அணித் தலைவன். விக்கெட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து அவன் போடுகிற பந்தைப் பிடிக்கிறவனும் நான்தான். சனிக்கிழமைகளில் மற்றவர்களை ஒவ்வொருத்தராகத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நாளைக்கு வாறியோ, இல்லாட்டி மனுசி விடமாட்டாவோ" என்று கெஞ்சுகிறவனும் நான்தான்.

நாங்கள் பெரும்பாலும் டென்மார்க்கில் இக்காஸ்ட் நகரத்துத் துணி ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டோம். பந்துக்காரன் மட்டும் பக்கத்து ஊரான பிராண்டேயில் இருந்தான். காற்றாலைக்கு இறக்கை செய்கிற தொழிற்சாலையில் வேலை. என்னைவிட நல்ல இளையவன். உயரமான, மெலிந்த உடம்பு, நீண்ட கைகள். எதிர்க்காற்று எவ்வளவு அடித்தாலும் அவனுடைய பந்தின் வேகம் குறையாது. ஞாயிறு விளையாடிவிட்டுத் திங்கள் வேலைக்குப் போனால் என் உள்ளங்கை இரண்டும் வீங்கியிருக்கும். அந்த வீக்கத்தைச் சந்தோசமாகத் தடவிக்கொண்டு வேலை செய்வேன். போன கோடையில் அவன் எடுத்த விக்கெட்டுகளால்தான் நாங்கள் லீக்கில் ஒரு பிரிவு மேலே ஏறியிருந்தோம். மேலே இருக்கிறவர்கள் பலமான ஆட்கள் என்று நான் சொன்னேன். "அவன் நிக்கிறான் தானே" என்று சொல்லிவிட்டு ஒருத்தனும் பயிற்சிக்கு ஒழுங்காக வரவில்லை.

அந்த வசந்தத்தில் ஊரில் சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. எப்படி முடியப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்; வாயால் சொல்லத்தான் ஆளில்லை. என் வீட்டார் எப்போதோ கனடாவுக்கும் கொழும்புக்கும் போய்விட்டார்கள். அவனுடைய அக்கா கணவனோடும் பிள்ளைகளோடும் வன்னிக்குள் அகப்பட்டுப்போனாள். தாயில்லாத அவனை வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பியவள் அவள்தான். இடையிடையே யாருடையதோ சற்றலைட் போனிலிருந்து அவளுடைய அழைப்பு வரும். இரண்டு வார்த்தை கதைப்பதற்குள் அறுந்துவிடும். திருப்பி எடுக்க வழியில்லை. ஆகவே அவன் தொலைபேசியைக் கீழே வைக்கமாட்டான். வேலைத்தலத்தில் கேட்டு அனுமதி வாங்கி, அங்கேயும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான்.

ஓவர் தொடங்கமுன் பந்துக்காரன் தன் தொப்பியையும் கம்பளிச் சட்டையையும் நடுவரிடம் கொடுப்பது வழக்கம். அந்த வருடம் அவன் தொலைபேசியையும் சேர்த்துக் கொடுத்தான். முதல் ஆட்டத்தில் எதிரணியின் வயதான டேனிஷ்காரர் ஒருவர் நடுவராக நின்றார். தொலைபேசி அடித்தால் ஆட்டத்தை நிறுத்தி உடனே தாருங்கள் என்று அவரிடம் டேனிஷில் சொன்னான். "யார், காதலியோ?" என்று அவர் பகிடியாகக் கேட்டார். "அக்கா" என்றான்.

அவனுடைய இரண்டாவது ஓவர். முழு வேகத்தில் ஓடிவந்து, பந்தை விடுவதற்காக மேலே எழும்பிவிட்டான். அந்த நேரம் பார்த்து நடுவரின் கோட்டுப் பைக்குள் தொலைபேசி அடித்தது. அந்தரத்தில் நின்றபடி தலையைத் திருப்பிப் பார்த்தான். கை முன்னுக்குப் போக, உடம்பு பின்னுக்குத் திரும்பியது. ஆடுகளத்தின் ஈரமான விரிப்பில் கால் வழுக்கி, முழுப் பாரமும் வலது தோளில் இறங்க விழுந்தான். அந்தச் சத்தம் எனக்கு விக்கெட்டுக்குப் பின்னால் கேட்டது. நாங்கள் ஓடிப்போவதற்குள் அவன் இடது கையை ஊன்றி எழும்பி, நடுவரின் பையிலிருந்து தொலைபேசியை இழுத்து எடுத்துவிட்டான்.

அழைத்தது அவனுடைய மனைவி. "ஏதும் கோல் வந்ததோ?" என்று கேட்பதற்காக எடுத்திருக்கிறாள்.

"இல்லை" என்று சொல்லிவிட்டு அவன் அப்படியே புல்லில் இருந்துவிட்டான்.

அந்த நிமிடத்தில் அந்தப் பிள்ளையில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. விளையாடப் போன மனுசனுக்கு எடுக்கவேண்டிய நேரமா இது என்று பல்லைக் கடித்தேன். ஆனால் அவளும் பாவம், வீட்டுக்குள் சின்ன மகளோடு தனியாக இருந்து எத்தனை தடவை தொலைபேசியைப் பார்த்திருப்பாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். தசைநார் கிழிந்திருக்கிறது, கையைத் துணியில் தொங்கவிட்டு அசைக்காமல் வைத்திருக்கவேண்டும், இந்த வருடம் பந்து போடுவது சந்தேகம் என்று டொக்டர் சொன்னார். நான்தான் கூடப் போயிருந்தேன். திரும்பி வரும்போது கார் ஓட்டிக்கொண்டே மனதுக்குள் ஆட்ட அட்டவணையைப் புரட்டினேன். ஒரு ஆட்டம்கூட வெல்லுவோம் என்று தோன்றவில்லை. கீழ்ப் பிரிவுக்குத் திரும்பிப் போனால் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போவார்கள், பிறகு அணியே இல்லை.

அவனுக்குப் பதிலாக ஒரு பஸ் சாரதியைப் போட்டோம். அருமையான மனுசன். ஆனால் அவர் போடுகிற பந்து வந்து சேருவதற்குள் எதிரணிக்காரன் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்து அடிக்கலாம். அடித்தார்கள். வடக்கே ஓல்போர்க் வரைக்கும் போய் அடி வாங்கிக்கொண்டு வந்தோம். என் உள்ளங்கை வீங்கவே இல்லை.

மே மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். டேனிஷ் தொலைக்காட்சியில் சிறிது நேரம் காட்டிவிட்டு உதைபந்தாட்டத்துக்குப் போய்விட்டார்கள். அவனுடைய அக்காவிடமிருந்து ஏப்ரலுக்குப் பிறகு அழைப்பு வரவில்லை. முகாம்களுக்கு வந்தவர்களில் அவர்களைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. செத்துப்போனதைக் கண்டதாகவும் ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஆட்டம் இருந்தது. வராவிட்டால் பிரிவை விட்டே தூக்கிவிடுவார்கள் என்பதால் வந்த எட்டுப் பேரோடு இறங்கினோம். எதிரணித் தலைவன் டேனிஷ்காரன், நல்ல பெடியன். கை கொடுத்து, "தொலைக்காட்சியில் பார்த்தேன், வருத்தமாக இருக்கிறது" என்றான். நன்றி என்றேன். "உங்கள் வேகப்பந்துக்காரன் எங்கே?" என்று கேட்டான். தோளில் காயம் என்றேன். அதற்கும் வருத்தமாக இருக்கிறது என்றான். அவனில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஆட்களே அதைவிட நன்றாகக் கதைக்கவில்லை. அன்றைக்கு எட்டுப் பேரும் தண்ணீர் இடைவேளையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரோ ஒருத்தர் கடைசியில், "அவன்ரை தோள் எப்பிடியாம்?" என்று கேட்டார். அப்பாடா என்று எல்லோரும் ஒன்றாகக் கதைக்கத் தொடங்கினோம்.

கோடை முழுவதும் அப்படியேதான் போயிற்று. யாராவது ஒருவர் செத்துப்போனால் என்ன செய்யவேண்டும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். செத்தவீட்டுக்குப் போகலாம், சமைத்துக் கொண்டுபோகலாம், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கலாம். இது செத்தவீடு இல்லையே. செத்தவீட்டுக்குப் போவதுபோல் போனால் அவனுடைய அக்காவை நாங்களே சாகடித்த மாதிரி ஆகிவிடும். போகாமல் இருக்கவும் மனம் கேட்காது. நல்லவேளையாக அவனுக்குத் தோளில் காயம் இருந்தது. தோளுக்கென்று சொல்லி எல்லோரும் பிராண்டேக்குக் காரை விட்டார்கள். ஒரு வீட்டிலிருந்து நோவெண்ணெய், ஒரு வீட்டிலிருந்து ஆட்டெலும்புச் சூப், இன்னொரு வீட்டிலிருந்து புட்டும் மீன் குழம்பும். என் மனைவியும் சட்டியோடு போனாள். "தோள் எப்பிடித் தம்பி?" "பரவாயில்லை அக்கா, இழுவை கிடக்கு." அவ்வளவுதான் கதை. எல்லோரும் சுவரில் அக்காவின் கலியாணப் படம் தொங்குகிற பக்கம் மட்டும் திரும்பாமல் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள்.

அவனும் எல்லா ஆட்டத்துக்கும் வந்தான். கை துணியில் தொங்க, எல்லைக்கோட்டுக்கு அப்பால் மடிக்கிற கதிரையில் இருப்பான். நாங்கள் தோற்போம். தோற்றுவிட்டு அவனிடம் போய்த் தோளை விசாரிப்போம். ஓகஸ்ட்டில் கடைசி இடத்தில் கிடந்தோம். மிச்சம் இருந்த இரண்டு ஆட்டத்தையும் வென்றால்தான் பிரிவில் தங்கலாம். அவன் இல்லாமல் அது நடக்கிற காரியமில்லை.

அந்த இரண்டில் முதல் ஆட்டத்தன்று அவனை ஏற்றிவரப் பிராண்டேக்குக் கொஞ்சம் முன்கூட்டியே போய்விட்டேன். மணி அடித்தும் கதவு திறக்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். அவன் தோட்டத்தில் ஈரமான படுக்கை விரிப்புகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டு நின்றான். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, உதறி விரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். கை தொங்கவிடுகிற துணி கதிரையில் கிடந்தது.

"எப்ப தொடக்கமடா?" என்று கேட்டேன்.

என்னைக் கண்டு அவன் பயப்படவில்லை. கவ்விகளைக் கூடைக்குள் போட்டுவிட்டு, "ஜூன் கடைசியிலயே நோவெல்லாம் மாறீட்டுதண்ணை" என்றான்.

"ஜூனோ? அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் நாய் படாத பாடு பட்டது? ஊர் ஊராப் போய் அடி வாங்கினது? உனக்கு விசரே?" வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டு டேனிஷ் மனுசி யன்னலைச் சாத்தினாள்.

முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றான். "வேலைக்குப் போகேக்க கழட்டித்தான் வைக்கிறனான். எங்கட ஆக்கள் வரேக்க மட்டும் போடுவன்" என்றான்.

"ஏன்?"

"இது இருந்தாத்தான் ஆக்கள் வருகினம் அண்ணை. அக்காவைப் பற்றி ஒருத்தருக்கும் கேக்கத் தெரியேல்லை. எனக்கும் சொல்லத் தெரியேல்லை. தோளைக் கேட்டா ஏதோ சொல்லலாம். இதையும் கழட்டினா என்னத்தைக் கேட்டுக்கொண்டு வருவியள்?"

எனக்குக் கோபம் இறங்கவில்லை. அதுதான் உண்மை. பாதி அவன்மேல், மீதி யார்மேல் என்று தெரியாத கோபம். அவனைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. அதைச் செய்யவில்லை. "வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு வா, நேரம் போகுது" என்று மட்டும் சொன்னேன். வந்தான்.

அன்றைக்கும் அடுத்த ஞாயிறும் அவன் பந்து போட்டான். அப்படி ஒரு வேகத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. இரண்டு ஆட்டமும் வென்றோம். பிரிவில் தங்கினோம். பஸ் சாரதி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானம் சுற்றினார். அடுத்த வருடம் எங்களை ஒருத்தனும் தொடமுடியாது என்று எல்லோரும் மீன் ரோல்ஸைக் கடித்தபடி திட்டம் போட்டார்கள். அவனும் சிரித்தான். என் கைகள் நன்றாக வீங்கிப் போயிருந்தன. எனக்குச் சந்தோசம் வரவில்லை.

அவன் சொன்னபடியே நடந்தது. தோள் சுகமாகிவிட்டது என்று தெரிந்ததும் பிராண்டேக்குப் போகிற கார்கள் நின்றன. சூப்பும் இல்லை, புட்டும் இல்லை. ஒருவரையும் குறை சொல்ல ஏலாது. அவரவருக்கு வேலை, பிள்ளைகள், அவரவருடைய சொந்தத் துக்கம். செப்டெம்பர் முழுவதும் ஒரு குருவிகூட வாசலுக்கு வரவில்லை என்று அவனுடைய மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் போனேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. கதவைத் திறந்தவன், "என்னண்ணை விசயம்?" என்று கேட்டான். "ஒரு விசயமும் இல்லை, சும்மா வந்தனான்" என்றேன். உள்ளே இருத்தி, மனைவியைத் தேத்தண்ணீர் போடச் சொன்னான். மழை பெய்தது. அவனுடைய சின்ன மகள் அடுத்த அறையில் டேனிஷில் பொம்மையோடு கதைத்துக்கொண்டிருந்தாள். நான் சுவரிலிருந்த கலியாணப் படத்தை நேராகப் பார்த்தேன். என்ன கேட்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. கடைசியில், "அக்காவுக்கு எத்தினை வயசு?" என்று கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். இவ்வளவு மாதத்தில் அவனிடம் அவளைப் பற்றிக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கவேண்டும். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நாப்பத்தொண்டு" என்றான். "வாற மாசம் நாப்பத்திரண்டாகும்."

சுவரிலிருந்த படத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "ஆகுந்தானே அண்ணை?" என்று என்னைக் கேட்டான்.