ஆண்டவரை ஏசிய அம்மா

கணவர் மாரடைப்பில் போன பிறகு நான் மாதா கோயில் பக்கமே போகவில்லை. அந்த வருடம்தான் திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போகும் படகில் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். அறுபது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், கழுத்தில் நூலில் கோத்த மரச் சிலுவை. கடலைப் பார்த்தபடி, யாருடனோ சண்டை பிடிப்பதுபோல் மெதுவாகப் பேசிக்கொண்டே வந்தார். கையில் போன் இல்லை.

“ஆரோட அம்மா கதைக்கிறீங்கள்?” என்று கேட்டேன்.

“ஆண்டவரோட, பிள்ளை. சுனாமியில என்ர ரெண்டு பிள்ளையளும் போயிட்டினம்.”

நானும் என் கதையைச் சொன்னேன். “எனக்கு ஆண்டவரோட கோவம் அம்மா. செபிக்க ஏலாது.”

“அந்தக் கோவத்தையே போய்ச் சொல்லுங்கோ. நான் கனகாலம் கோயிலுக்குள்ள இருந்து ஏசினனான். ஒருநாள் ஏச்சு முடிஞ்சு அழுகை வந்துது. அண்டைக்குத்தான் வீட்டை போய் நல்லா நித்திரை கொண்டனான். இப்பவும் இடைக்கிடை ஏசுறனான். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்” என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து நானும் ஏசத்தான் தொடங்கினேன். கணவரை அடக்கம் செய்த நாளில்கூட வராத அழுகை பாதியில் வந்தது. பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் அழுதேன். வெளியே வந்தபோது, கணவர் போன பிறகு முதல்முறையாக எனக்குப் பசித்தது.

அந்த அம்மாவின் பெயரைக் கேட்காமலே படகிலிருந்து இறங்கியிருந்தேன். இன்றும் செபத்தில், “மூதூர்ப் படகில் வந்த அந்த அம்மாவுக்காக நன்றி” என்றுதான் சொல்கிறேன். யாரென்று ஆண்டவருக்குத் தெரியும்.