பூண்டி ஏரியின் ஆளுயரக் கட்லா

ஏரியில் படகு தள்ளிப் பிழைக்கிறவனுக்கு மழைதான் முதலாளி. அந்த முதலாளியோ சொல்லாமல் கொள்ளாமல் லீவு போடுகிறவர். வானத்தைப் பார்த்தே வயிறு வளர்க்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது புதிதல்ல. அறுபதுகளின் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட வருகிறவர்களைப் பூண்டி ஏரிக்குள் கூட்டிப் போவது என் வேலை. அவர்கள் வந்தால்தான் எனக்குச் சோறு.

மீன் பிறந்த கதை

இரும்பு ஆலை ஃபோர்மேன் ஒருவர் காலையிலிருந்து தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கெளுத்திகூடச் சீண்டவில்லை. இந்த மனுஷன் இனி இந்தப் பக்கம் வரமாட்டார் என்று கணக்குப் போட்டேன். "சார், அடியில ஆளுயரக் கட்லா மீன் ஒண்ணு கீது. போன மாசம் என்னையும் படகையும் மதகு வரைக்கும் இழுத்துக்கினு போச்சு. என் மத்தியானக் கஞ்சில பாதிய அதுக்கு ஊத்துன பொறவுதான் வுட்டுது" என்றேன்.

அடுத்த வாரம் நாலு சிநேகிதர்களோடு வந்தார். அன்றும் வெறுங்கைதான். கிளம்பும்போது என் தோளைத் தட்டினார்: "மாட்டலன்னா போவுது நைனா. அது உசுரோட கீதில்ல, அது போதும்."

தரை தட்டியது

இரண்டு வருஷம் மழை பொய்த்தது. இருந்த தண்ணீரையும் மதகு வழியாக மெட்ராஸ் குடித்துவிட்டது. நடு ஏரியில் படகு சேற்றில் உட்கார்ந்துகொள்ள, நான் இறங்கி முழங்கால் தண்ணீரில் தள்ளினேன். குடும்பத்தோடு வந்திருந்த மணவாள நகர் அம்மா ஒருவர் குடையை மடக்கினார்: "ஏம்பா, இதுக்கு எங்க ஊட்டுக் கட்டில்லயே குந்திக்கினு, உன்ன வந்து தள்ளச் சொல்லியிருக்கலாமே!"

கடைசி ஞாயிறு

இந்த வாரமும் ஆள் வராவிட்டால் படகை விற்றுவிடுவதாக அதன் சொந்தக்காரரான கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். வேறு வழி? "தண்ணி வத்திப்போச்சு, கட்லா இனிமே எங்கயும் ஒளிய முடியாது" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிவைத்தேன். வந்ததே கூட்டம்! சாக்கு, வலை, ஒருத்தர் கையில் அரிவாள்மணைகூட. கல்யாணப் பந்தல் அளவுக்குச் சுருங்கிக் கிடந்த தண்ணீரை மதியத்துக்குள் சலித்துவிட்டார்கள். விரல் நீளக் கெளுத்தி கொஞ்சம், அவ்வளவுதான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கான்ட்ராக்டர் அங்கேயே படகை வாங்க ஆள் கேட்க ஆரம்பித்தார்.

"அது முந்தாநாளே மதகு வழியா மெட்ராசுக்குப் பூட்டுதுங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சேற்றில் நின்ற அந்த ஃபோர்மேன் மட்டும்தான் நம்பினார். துண்டால் கையைத் துடைத்தபடி கேட்டார்: "அது எப்டினா பொழச்சிக்கும். நீ இன்னா பண்ணப் போற, நைனா?"

இல்லாத மீனுக்கே தப்பிக்க வழி சொன்ன நான், எனக்கும் ஒரு வழி தேடி மதகுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.