எந்திரிச்சா எந்திரிச்சதுதான்

கொடைக்கானல் டூரில் பழக்கமான அந்த அம்மா ஜெகதாப்பட்டினத்துக்காரர். நல்ல உயரம். பக்கத்தில் இருப்பவரிடமும் படகைக் கூப்பிடுகிற குரலில்தான் பேசுவார். "புதுக்கோட்டை வந்தா ஒங்க வீட்டுலதான் சாப்பாடு" என்று சொல்லிப் பிரிந்தார்.

ஒரு திங்கட்கிழமை போன் செய்தார். "டீச்சர், ஒங்க ஊருலதான் இருக்கேன். கலெக்டர் ஆபீஸ் வாசல்ல."

ஓடினேன். மீன்பிடிக்கப் போன அவர் கணவர், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்தார். ஊர்ப் பெண்களோடு இவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"வெயில் ஏறுது, மனுவக் குடுத்துட்டு எந்திரிங்கம்மா" என்றார் போலீஸ்காரர்.

"குடுத்துக் குடுத்து அலுத்துப்போச்சு சார். பதில் சொல்லட்டும், போறோம். கடல்ல காயாத வெயிலா?"

நான் கையைப் பிடித்தேன். "வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்க."

"அவரு வரட்டும், ரெண்டு பேருமா வாரோம். இப்ப எந்திரிச்சா எந்திரிச்சதுதான் டீச்சர்."

எனக்கு அரசுப் பள்ளி வேலை. யாராவது பார்த்தால் என்ற பயம் இருந்தது. ஆனாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயங்காலம் அதிகாரி இறங்கி வந்து பேசிய பிறகே எழுந்தோம்.

கணவர் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமைதோறும் அந்த அம்மா வருகிறார். அரை நாள் லீவு போட்டு நானும் போகிறேன். எதற்கு என்று கேட்கும் ஹெட்மாஸ்டரிடம், விருந்தாளி வந்திருக்கிறார் என்கிறேன்.